நிலவறைக்கு நாலு பாட்டில்: பிரெஞ்சு சிவப்பு ஒயினைச் சிக்கனமாகச் சேர்க்க 41 குறிப்புகள்

பாரிஸ் புறநகரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், வீட்டுக்கு ஒரு 'காவ்', அதாவது நிலவறை, கீழே உண்டு. மற்றவர்கள் அதில் பழைய சைக்கிளையும் உடைந்த தொட்டிலையும் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் காவில் பாட்டில்கள் படுத்திருக்கின்றன. எல்லாம் மாமனார் போட்ட பிள்ளையார் சுழி. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன சொல்தா அவர். பென்ஷன் பணத்தில் நல்ல ஒயினாகத் தேடித்தேடிச் சேர்த்தார். ஆனால் ஊர்ப்பெயருக்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க மாட்டார். அவர் சொல்லிக் கொடுத்ததும், நான் காசைத் தொலைத்துத் தெரிந்துகொண்டதும் கலந்து இங்கே. தோழிகளே, தோழர்களே, உங்களுக்குத் தெரிந்தது இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

1. கடையில் விலை உயர்ந்த ஊர்ப்பெயர் கண்ணில் பட்டால் உடனே கூடையில் போடாதீர்கள். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, அதற்குப் பக்கத்து ஊர் எது என்று பாருங்கள். மண் எல்லைக்கல்லோடு நின்றுவிடுவதில்லை; விலைதான் நின்றுவிடும்.

2. பொமெரோல் என்று எழுதிய நல்ல பாட்டில் 30 யூரோவுக்குக் கீழே அகப்படுவது அரிது. பார்பான் என்ற சின்ன ஓடைக்கு அந்தப்பக்கம் லாலாந்த் தெ பொமெரோல் இருக்கிறது. அங்கேயும் அதே மெர்லோ திராட்சைதான், விலை மட்டும் ஏறக்குறைய பாதி.

3. லிபூர்ன் ஊருக்கு ஒருபக்கம் பொமெரோல் என்றால் மறுபக்கம் ஃப்ரோன்சாக். 18-ஆம் நூற்றாண்டில் ஃப்ரோன்சாக்குக்குத்தான் மவுசு, பொமெரோல் அப்போது பெரிய பெயரில்லை. இன்று காற்று திசை மாறிவிட்டதால் 10 முதல் 15 யூரோவுக்குள் உருப்படியான பாட்டில் கிடைக்கிறது. ஐந்தாறு வருடம் கிடக்கவிட்டால் கரடுமுரடு போய் வழவழப்பாகும்.

4. சாந்த் எமிலியோனின் சுண்ணாம்புக்கல் மேடு கிழக்கே அப்படியே காஸ்தியோன் வரை நீள்கிறது. 1453-இல் நூறாண்டுப் போர் முடிந்த களம் அது. இப்போது அங்கே நடப்பதெல்லாம் விலைக் குறைப்புப் போர். 'காஸ்தியோன் கோத் தெ போர்தோ' என்ற எழுத்தைத் தேடுங்கள். மோந்தாஞ், லுசாக், புயிஸ்கேன் என்று சாந்த் எமிலியோனின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்ட பக்கத்து ஊர்களும் இதே கணக்குதான்.

5. இது நான் ஏமாந்த கதை. 'சாந்த் எமிலியோன் க்ரான் க்ரூ' என்று பொன்னெழுத்தில் பார்த்ததும், பெரிய தரவரிசையில் வந்த ஒயின் என்று நினைத்து ஆறு பாட்டில் தூக்கிவந்தேன். மாமனார் லேபிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'க்ரான் க்ரூ' என்பது அங்கே ஊர்ப்பெயர் உரிமையின் ஒரு வகை மட்டுமே. சற்றுக் கடுமையான விதிகளோடு நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அதை எழுதிக்கொள்ளலாம். தரவரிசையில் வந்தது என்றால் 'க்ரான் க்ரூ க்ளாசே' என்று இருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தேடிவிட்டுக் காசை எடுங்கள்.

6. அந்தத் தரவரிசைகூட வேதவாக்கு இல்லை. சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படும் அதில், 2022 பட்டியல் வருவதற்கு முன்பே ஓசோன், ஷெவால் ப்ளான், ஆஞ்செலூஸ் என்ற மூன்று உச்சிப் பெயர்கள் தாமாகவே விலகிக்கொண்டன. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பிடித்த இரண்டு தோட்டங்களை வருடாவருடம் தொடர்வது லாபம்.

7. மெதோக் பகுதியின் 1855 பட்டியல் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக, அன்றைய சந்தை விலையை வைத்துத் தரகர்கள் எழுதியது. அதில் 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் முதல் வரிசைக்கு ஏறியதையே இன்றுவரை கதைகதையாகச் சொல்கிறார்கள் என்றால், அது எவ்வளவு அசையாத பட்டியல் பாருங்கள். அந்தப் பெயர்களை வேடிக்கை பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை, அதோடு நிறுத்திக்கொள்வோம்.

8. நமக்கு ஏற்ற மெதோக், 'க்ரூ பூர்ஷுவா' என்ற தரவரிசையில் வருவது. 2020 முதல் இதை மூன்று படியாகப் பிரித்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கிறார்கள்; சாதா, 'சுப்பேரியர்', 'எக்ஸெப்சியோனெல்' என்று லேபிளிலேயே இருக்கும். நடுப்படியான சுப்பேரியரில்தான் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைக்கிறது என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

9. பெரிய தோட்டங்கள் இளங்கொடிப் பழத்தையும் முதல் தரத்துக்கு ஒத்துவராத பீப்பாய்களையும் கொண்டு 'இரண்டாம் ஒயின்' போடும். உச்சிப் பெயர்களின் இரண்டாம் ஒயினும் யானை விலைதான், அந்தப் பக்கம் போக வேண்டாம். நடுத்தரத் தோட்டங்களின் இரண்டாம் ஒயின் 15 யூரோ சுமாருக்கு வரும். முதல் ஒயினைவிடச் சீக்கிரம் குடிக்கத் தயாராகிவிடும் என்பது கூடுதல் வசதி.

10. போர்தோ ஒயின் முன்பு மாதிரி விற்பதில்லை. 2023 முதல் அரசு உதவியோடு திராட்சைக் கொடிகளையே பிடுங்குகிறார்கள். தோட்டக்காரர்களை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதே காரணத்தால் 6 யூரோவிலிருந்து 9 யூரோவுக்குள் இன்று கிடைக்கும் 'போர்தோ சுப்பேரியர்', பூர், ப்லாய் பாட்டில்களை விட்டுவிடாதீர்கள்.

11. ரோன் ஆற்றின் இடதுகரையில் ஷாதோநெஃப் து பாப், வலதுகரையில் லிராக். இரண்டு இடத்திலும் கொடியடியில் அதே உருண்டைக் கூழாங்கல், அதே க்ரெனாஷ் திராட்சை. ஆற்றைத் தாண்டினால் விலை பாதிக்கும் கீழே இறங்குகிறது. பாலத்துக்குச் சுங்கம்கூட இல்லை.

12. ரோன் பக்கம் ஏணி மாதிரி ஒரு வரிசை உண்டு: கீழே 'கோத் து ரோன்', அடுத்து 'வில்லாழ்', பிறகு ஊர்ப்பெயரோடு வில்லாழ், மேலே தனி ஊர்கள். வில்லாழில் இருந்த ராஸ்தோவின் சிவப்பு 2010-இலும், கேரான் 2016-இலும் மேற்படிக்கு ஏறின. படியேறியதும் விலையும் மெல்ல ஏறும். ஆகையால் ஊர்ப்பெயர் போட்டு இன்னும் வில்லாழிலேயே இருக்கிற பாட்டில்களை இப்போதே பாருங்கள்.

13. ஜிகோந்தாஸ் பிடிக்கும், பட்ஜெட் இடிக்கும் என்றால் பக்கத்து வகேராஸ். ஐந்து யூரோவாவது மிச்சம்.

14. லுவார் நதிக்கரை ஒயினை நம் ஆட்கள் கண்டுகொள்வதில்லை, அதுதான் நமக்கு வாய்ப்பு. ஷினோன், பூர்கேய், சோமூர் ஷாம்பிஞி மூன்றும் கபெர்னே ஃப்ரான் திராட்சை. உள்ளூரில் அதை 'ப்ரெதோன்' என்பார்கள். 8 முதல் 12 யூரோவுக்கு, பீப்பாய் வாசனை கொட்டாத சுத்தமான பழச்சுவை வரும்.

15. ஷினோனில் வாங்கும்போது மண்ணைக் கேளுங்கள். ஆற்றோர மணலிலும் சரளையிலும் விளைந்தது இந்தக் கோடைக்கே ஆகும். சுண்ணாம்புச் சரிவில் விளைந்தது பத்து வருடம் தாங்கும். பல தோட்டக்காரர்கள் இரண்டையும் தனித்தனி பாட்டிலாகவே போடுவார்கள், வித்தியாசம் இரண்டு மூன்று யூரோதான். நிலவறைக்கு இரண்டாவது, சமையலறை அலமாரிக்கு முதலாவது.

16. பொஜொலே என்றதும் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வரும் புது ஒயின்தான் ஞாபகத்துக்கு வரும், உடனே முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பினால்தான் பக்கத்திலேயே இருக்கும் பத்து பொஜொலே ஊர்களின் நல்ல ஒயின் இன்னும் நம் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. மோர்கோன், மூலானவான், ஜூலியேனா, ஷேனா ஆகிய நாலும் நிலவறையில் வைக்கத் தகுந்தவை. மோர்கோன் நாளானதும் பூர்கோஞ் ஒயின் சாயலில் மாறும். அதற்கென்றே உள்ளூரில் 'மோர்கோனே' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் 1395-இல் பூர்கோஞ் பிரபு ஒருவர் பொஜொலேக்காரர்களின் இந்தக் கமே திராட்சையைத்தான் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டவர்! தெற்கே தள்ளிப்போய்ப் பிழைத்த அந்தக் கொடியால் நமக்கு இன்று 12 யூரோவில் காரியம் ஆகிறது.

17. அந்தப் பத்து ஊர்களின் லேபிளில் 'பொஜொலே' என்ற சொல் பெரும்பாலும் இருக்காது, ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும். பெயர்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டாம்.

18. ஆங்கிலக்காரர்கள் பர்கண்டி என்று சொல்லும் பூர்கோஞ், சிக்கனக்காரர்களுக்குச் சோதனைதான். பெரிய பெயர்களைத் தாண்டித் தெற்கே இறங்கி மெர்கூரே, ஜிவ்ரி, மராஞ் பக்கம் வாருங்கள். அதற்கும் கை வரவில்லையென்றால், நல்ல தோட்டக்காரர் போடும் சாதாரண 'பூர்கோஞ்' சிவப்பே போதும். பெரிய ஊர்ப்பெயரைப் போட்டு அலட்சியமாகச் செய்த பாட்டிலைவிட அது பல மடங்கு மேல். இந்தப் பகுதியில் மட்டும் ஊரைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள்.

19. காத்திருக்கத் தயாராக இருக்கிறீர்களா? காஓர், மாதிரான் இரண்டும் உங்களுக்காகவே. காஓரில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக், மாதிரானில் தனா என்ற கடுந்துவர்ப்புத் திராட்சை. இளசாகத் திறந்தால் கடுக்காய் கடித்த மாதிரி நாக்கு இழுக்கும், ஏழெட்டு வருடம் கழித்துத் திறந்தால் விலை உயர்ந்த போர்தோவோடு தோளோடு தோள் நிற்கும். 10 யூரோவை வைத்து மிச்ச வேலையைக் காலத்திடம் ஒப்படைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

20. பாந்தோல் சிவப்பு 18 மாதம் மரத்தொட்டியில் கிடந்துதான் வெளியே வர வேண்டும் என்பது சட்டம். விலை 20 யூரோவுக்குப் பக்கம் போனாலும், பத்து வருடம் தாங்குவதால் கல்யாணநாள், பிள்ளை பிறந்த வருடம் என்று ஒன்றிரண்டு வாங்கிப் போடலாம்.

21. தெற்கே லாங்கதோக்கில் சேன் ஷினியான், ஃபோஜேர், மினெர்வுவா, கோர்பியேர், ஃபிதூ. அன்றாடச் சோற்றுக்கு 7 யூரோ பாட்டில், விருந்துக்கு 12 யூரோ பாட்டில், இரண்டும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். பீக் சேன் லூ மட்டும் பெயர் எடுத்துவிட்டது, அங்கே விலை ஏறிக்கொண்டே போகிறது.

22. 'க்ரான் வேன் தெ போர்தோ', 'ரெஸேர்வ்', 'வியேய் வீஞ்' என்ற சொற்களுக்கு மயங்காதீர்கள். பழங்கொடி என்று பொருள்படும் கடைசிச் சொல்லுக்கு எத்தனை வயது என்று சட்டத்தில் வரையறையே கிடையாது. நம்பிக்கையான தோட்டக்காரர் எழுதினால் நம்பலாம், மற்றபடி அது மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம் மாதிரி.

23. 'மி ஆன் பூத்தேய் ஓ ஷாதோ' அல்லது 'ஓ தொமேன்' என்றால் விளைந்த இடத்திலேயே அடைத்தது. கூட்டுறவுச் சங்கத்து ஒயினிலும் இந்த மாதிரி வாசகம் வரலாம், அதில் தவறில்லை. வெறும் தபால் எண்ணை மட்டும் போட்டு 'இன்னாருக்காக அடைத்தது' என்று சுற்றி வளைத்திருந்தால் நான் வைத்துவிடுவேன்.

24. தக்கையின் மேல்மூடியில் சின்னதாக, பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் அம்மாள் தலை இருந்தால், பக்கத்து எழுத்தைப் பாருங்கள். 'ஆர்' என்ற எழுத்து விளைவித்தவரே அடைத்தது, 'என்' என்ற எழுத்து வியாபாரி அடைத்தது. 2019 முதல் இது கட்டாயமில்லை, ஆனாலும் நிறைய பாட்டில்களில் இன்னும் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி எடுத்துப்போக மறக்காதீர்கள்.

25. பதக்க ஒட்டி பளபளத்தால் மூன்றைப் பாருங்கள்: எந்தப் போட்டி, எந்த வருடம், பதக்கம் பெற்றது இதே அறுவடைதானா. ஒரு போட்டியில் வந்த ஒயின்களில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் பதக்கம் தரலாம் என்பதால், தங்கம் என்றால் ஊரிலேயே முதல் என்று அர்த்தமில்லை. பாரிஸ் விவசாயக் கண்காட்சியோடு சேர்ந்த 'கோன்கூர் ஜெனரால் அக்ரிகோல்' ஓக்கிலைப் பதக்கத்துக்கு எங்கள் வீட்டில் கொஞ்சம் மரியாதை உண்டு.

26. பாட்டில் கனமாக இருந்தால் ஒயின் கெட்டி என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம், மூன்றாம் மாடிக்கும் நாம்தான் தூக்குகிறோம்.

27. போர்தோவில் 2015, 2016, 2018, 2019, 2020, 2022 எல்லாம் நல்ல அறுவடைகள், நிலவறைக்கு இவை. பேர்போன வருடத்தில் சின்னத் தோட்டக்காரருக்கும் பழம் நன்றாகப் பழுத்திருக்கும், அதனால் நல்ல வருடம் என்றால் சின்னப் பெயரை வாங்குங்கள்.

28. சுமாரான வருடம் என்றால் தலைகீழ். மழையோ பனியோ அடித்த வருடத்தில், 2013 மாதிரி, கவனமான பெரிய கைதான் காப்பாற்றும். அந்த வருடத்து நல்ல பெயர் தள்ளுபடிக்கும் வரும். மெலிதாக இருப்பதால் சீக்கிரம் குடித்துவிட வேண்டும், நிலவறையில் தூங்கவிடாதீர்கள்.

29. செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகளின் ஒயின் சந்தை வரும்போது எங்கள் வீட்டு முறை இது. முதல் நாள் காலையில் கண்ணில் பட்ட ஐந்தாறில் ஒவ்வொன்று மட்டும் வாங்கி வருவோம். அன்றிரவே திறந்து, ஆளுக்கு ஒரு மடக்கு ருசித்து, பிடித்ததைக் குறித்துக்கொண்டு மறுநாள் கடை திறக்கும்போது போய்ப் பெட்டியோடு எடுப்போம். ருசி பார்த்து மிஞ்சியது வீணாகாது, அந்த வாரச் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும்.

30. சந்தைப் பட்டியலில் அடித்துத் திருத்திய விலையை நம்பாமல், அதே பாட்டிலைத் தோட்டக்காரர் நேரடியாக என்ன விலைக்குத் தருகிறார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிலசமயம் தள்ளுபடி விலையும் தோட்டத்து விலையும் ஒன்றாகவே இருக்கும். திறப்பு விழா மாலைக்கு அழைப்பு வேண்டுமென்றால் கடை கவுன்டரில் முன்கூட்டியே கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

31. பீப்பாயைச் சுமந்து நிற்கும் ஆள் சின்னம் 'விஞ்ஞெரோன் ஆந்தெபாந்தான்' சங்கத்துடையது; விளைத்து, செய்து, அடைத்து, விற்பது எல்லாம் ஒரே குடும்பம். நவம்பரில் பாரிஸ் போர்த் தெ வெர்சாயில் அவர்கள் சந்தை நடக்கும். மீன் சந்தைக்கு இழுத்துப்போகும் அதே சக்கரப் பையை எடுத்துப்போங்கள். நாலு மணிக்கு மேல் தோட்டக்காரரின் மனசும் இளகும், ஆறு வாங்கினால் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தவர்களும் உண்டு.

32. விடுமுறைக்குத் தெற்கே காரில் போகிறவர்கள் வழியில் கூட்டுறவு ஒயின் கூடத்தில் நின்று பாருங்கள். அன்றாடத்துக்கு ஐந்து லிட்டர் பெட்டியாக வாங்கிக்கொண்டால், நல்ல பாட்டில்மேல் கை போகாமல் நிலவறை பிழைக்கும். திரும்பும்போது வெயிலில் காரை நிறுத்தி பாட்டிலை வேகவைத்துவிடாதீர்கள்.

33. 'ப்ரிமேர்' என்று அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே பணம் கட்டி, இரண்டு வருடம் கழித்துப் பாட்டில் வாங்கும் முறை இருக்கிறது. வரி தனியாகப் பிறகு வரும். சாதாரணக் குடும்பத்துக்கு இதில் லாபமில்லை, பாட்டில் கடைக்கு வந்தபின் அதே விலைக்கோ குறைவாகவோ கிடைத்ததைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

34. ஒன்றாக வாங்காதீர்கள், மூன்றாக வாங்குங்கள். ஒன்றை இரண்டு வருடத்தில் திறந்து பார்த்தால் மற்ற இரண்டையும் எப்போது தொடலாம் என்று தெரிந்துவிடும். மனசுக்கு மிகவும் பிடித்ததென்றால் ஆறு. பன்னிரண்டு வாங்கி ஏழாவதிலேயே அலுத்துப்போன அனுபவம் எங்களுக்கு உண்டு.

35. அரைப்பாட்டில் சீக்கிரம் முதிரும், ஒன்றரை லிட்டர் மேக்னம் மெதுவாக முதிரும். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அரைப்பாட்டில் கொஞ்சம் விலை கூடத் தெரிந்தாலும், மிச்சத்தைக் கொட்டுவதைவிட லாபம்.

36. நிலவறையில் சுமார் 12 டிகிரி இருந்தால் உத்தமம், குளிரில் 10, கோடையில் 16 என்று மெதுவாக ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. தடாலடியாக மாறுவதுதான் ஆகாது. எங்கள் பழைய கட்டடத்தில் காவின் கூரையோரம் ஒரு குழாய் போனது. அது வெந்நீர்க் குழாய் என்று குளிர்காலத்தில், ஒரு டஜன் பாட்டில் தக்கை கசிந்த பிறகுதான் தெரிந்தது. குறைந்த, கூடிய சூட்டைப் பதிவு செய்யும் சின்ன வெப்பமானியை ஒரு வருடம் தொங்கவிட்டுப் பார்த்தபின் நல்ல பாட்டிலை இறக்குங்கள்.

37. காவ் ரொம்ப வறட்சியாக இருந்தால் தக்கை சுருங்கும். ஒரு பழைய தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி மூலையில் வையுங்கள். ரொம்ப ஈரமாக இருந்தால் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது, லேபிள்தான் பூத்துப் பிய்ந்துவிடும். சமையலறையில் சோறு மூடும் பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பத்து வருடம் கழித்தும் பெயர் படிக்கலாம். வாங்கி வந்த அட்டைப்பெட்டியை மட்டும் உடனே வெளியேற்றுங்கள், ஈரம் குடித்து நாறும். பெயின்ட் டப்பா, வெங்காயம், கருவாடு எதற்கும் அங்கே இடமில்லை.

38. அடுக்குச் சட்டம் வாங்கக் காசைக் கொட்ட வேண்டாம். கட்டுமானக் கடையில் கிடைக்கும் சுட்டமண் வடிகால் குழாய்களைப் படுக்கவைத்து அடுக்கினால் ஆளுக்கு ஒரு பொந்து. மண்ணென்பதால் சூடும் சீராக இருக்கும். ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் நூலில் ஒரு சீட்டுக் கட்டி, பெயர், வருடம், 'இந்த ஆண்டுக்குள் திற' என்று எழுதிவிடுங்கள். பாட்டிலை இழுத்து உருட்டிப் பார்க்கும் வேலை மிச்சம். வெளிப்பக்கம் தெரியும் வரிசையில் மலிவானதை வைத்து, நல்லதைப் 'பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகம்' என்று எழுதிய மரப்பெட்டியில் வைப்பது எங்கள் வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு. வீட்டுக் காப்பீடு காவையும் சேர்த்துத்தானா என்று ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

39. சிவப்பு ஒயினை 'அறைச் சூட்டில்' பரிமாறு என்ற வழக்கம், ஹீட்டர் இல்லாத காலத்து 17 டிகிரி அறையைச் சொன்னது. நம் வீட்டு 23 டிகிரியில் அது வெறும் சாராய வாடை அடிக்கும். இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், 8 யூரோ பாட்டில்கூட நிமிர்ந்து உட்காரும். கமே, கபெர்னே ஃப்ரான் இரண்டுக்கும் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி நல்லது.

40. ஆட்டுக்கறிக் குழம்புக்கு மாதிரான் திறந்து விருந்தாளிகளை அழவைத்தவள் நான். துவர்ப்பும் கூடுதல் சாராயச் சூடும் மிளகாய்க் காரத்தை இன்னும் கிளப்பிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. நம் குழம்புக்கும் வறுவலுக்கும் துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை மிகுந்த பொஜொலே ஊர் ஒயினையோ இளம் ஷினோனையோ சற்றுக் குளிரவைத்துக் கொடுங்கள். நிலவறையில் முதிர்ந்த நல்ல பாட்டிலைக் காரமில்லாத ரோஸ்ட், வாத்து, வாட்டிய ஆட்டுத்தொடை செய்யும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு வாய் குழம்போடு குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பேச்சு இருக்காது.

41. ஈர அட்டை மாதிரி நாறினால் அது தக்கை நோய். கூச்சப்படாமல், மிச்ச ஒயினோடும் தக்கையோடும் ரசீதோடும் கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். தக்கை அடியில் கண்ணாடித்துகள் மாதிரி மின்னுவது உப்புப் படிகம், அதற்குச் சண்டைக்குப் போகாதீர்கள். குடித்து மிஞ்சிய நல்ல ஒயினைக் காலி அரைப்பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், அதையும் மறந்துவிட்டால் காடி ஜாடியில் ஊற்றுங்கள். மாமனார் வைத்த காடி ஜாடி இன்னும் எங்கள் அடுப்படி ஜன்னலோரம் இருக்கிறது. உங்கள் பக்கம் மலிவாக மாட்டிய பக்கத்து ஊர்ப் பாட்டில் எதுவென்று எனக்கும் ஒரு வரி எழுதிப்போடுங்கள், செப்டம்பர் சந்தைக்கு முன்னால்.